நிஜத்தில் ஓடுகிறது, மேசையில் நம்ப முடியவில்லை

கொலுப் படிகளுக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு தூவி முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் பதித்து, அதைச் சுற்றி ஒரு சாவி ரயிலையும் ஓடவிட்டிருப்போம். குளத்து வாத்து எஞ்சின் உயரம் இருக்கும். செட்டியார் பொம்மை ஸ்டேஷனைவிடப் பெரிது; அவர் நினைத்தால் ரயிலையே தராசில் போட்டு நிறுத்துவிடலாம். சுண்டல் வாங்க வந்த மாமிகளில் ஒருவர்கூட "அளவு இடிக்கிறதே" என்று கேட்டதில்லை.

கேட்கவும் முடியாது. கொலுப் பூங்கா யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே.

மாதிரி ரயில் செய்கிறவர்கள் முதல் வேலையாக வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். "எச்.ஓ. அளவு" என்று ஒருவர் சொன்னால், நிஜத்தில் இருப்பதை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறார் என்று பொருள். 1,435 மி.மீ. இடைவெளி உள்ள தண்டவாளம் அதில் 16.5 மி.மீ. ஆகும். "என்" அளவு என்றால் 160-ல் ஒரு பங்கு, 9 மி.மீ. தண்டவாளம். (இந்த 'என்' ஆங்கில எழுத்து, என்னுடையது என்று பொருள் இல்லை.) இப்படி ஓர் எண்ணைச் சொன்ன மறுநொடி, எதிரே நிற்பவர் தணிக்கை அதிகாரி ஆகிவிடுவார். கதவு உயரம் சரியா, விளக்குக் கம்பம் சரியா, இந்த வளைவில் ரயில் திரும்புமா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்.

சிக்கல் இங்கேதான். உலகத்தில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருக்கும் சில ரயில்களை மில்லிமீட்டர் பிசகாமல் அப்படியே செய்து வைத்தாலும், அந்த அதிகாரி "இப்படியெல்லாம் எங்கேயும் இருக்காது" என்று சிரித்துவிட்டுப் போவார். உண்மை என்பது ஒன்று, நம்பும்படி இருப்பது வேறொன்று. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பல மாத உழைப்பு மிச்சம்.

முதலில் ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறேன். 2020 நவம்பர் 2, நள்ளிரவு தாண்டிய நேரம். நெதர்லாந்தில் ரோட்டர்டாம் பக்கத்தில் ஸ்பைகெனிசே என்ற ஊர். அங்கே டி அக்கர்ஸ் என்பது மெட்ரோ பாதையின் கடைசி நிலையம், தரையிலிருந்து நன்றாக உயர்ந்த மேம்பாலத்தில் இருக்கிறது. கடைசி நிலையத்தில் நிற்க வேண்டிய ரயில் நிற்காமல் தடுப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கீழே தண்ணீர். ஆனால் ரயில் விழவில்லை. பாலம் முடியும் இடத்தில் இரண்டு பெரிய திமிங்கில வால்களைச் சிற்பமாக வைத்திருந்தார்கள். அதில் ஒரு வால் முன்பெட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது. பயணிகள் யாரும் இல்லை. ஓட்டுநர் காயமின்றித் தானே இறங்கி வந்தார். அந்தச் சிற்பத்துக்குப் பல வருடங்களுக்கு முன்பே வைத்திருந்த பெயர், தமிழில் சொன்னால், 'திமிங்கில வாலால் காப்பாற்றப்பட்டது'.

இதை மேசையில் செய்து வைத்துப் பாருங்கள். யாராவது நம்புவார்களா? சினிமாக்காரர் எழுதினால்கூட, "பெயர் வரைக்கும் பொருத்தமா? கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விபத்து என்றால் எதுவும் நடக்கும், அதை விடுங்கள். தினமும் நேரம் தவறாமல் ஓடும் பாதைகளே இதைவிட மோசம். அதைப் புரிந்துகொள்ள இடக்கணக்கு கொஞ்சம் வேண்டும். நம் ரயில்களில் வரும் எல்.எச்.பி. என்ற புதுவகைப் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். எச்.ஓ. அளவில் ஏறக்குறைய 27.5 செ.மீ. 22 பெட்டிகள் கோத்தால் 6 மீட்டர், எஞ்சின் தனி. வீட்டுக் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் அடைத்துவிடும். வளைவு இன்னும் கொடுமை. இந்திய அகலப்பாதையில் அனுமதிக்கப்படும் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். அதைச் சுருக்கினால் 2 மீட்டர். அதாவது ரயில் ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்ப 4 மீட்டர் அகலம் தேவை. பெட்டியில் வாங்கும் ஆரம்ப செட்டில் வரும் வளைவுகளோ பெரும்பாலும் 36 முதல் 44 செ.மீ. ஆரம்தான். ஆகவே எல்லாரும் சுருக்குகிறார்கள். பெட்டிகளைக் குறைக்கிறார்கள், வளைவை இறுக்குகிறார்கள், மலையைத் தண்டவாளத்தின் தோளிலேயே ஏற்றிவிடுகிறார்கள். (நம் அகலப்பாதை 1,676 மி.மீ. என்பதால் எச்.ஓ.வில் 19 மி.மீ.க்கு மேல் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. நம் ஊர் ஆட்கள் வாக்கை மீறித்தான் கணக்கையே தொடங்குகிறார்கள்.)

பார்ப்பவருக்கும் இந்தச் சுருக்கல் பழகிப்போய்விட்டது. அதனால் மேசையில் இறுக்கமான வளைவையோ, ஒன்றன் மேல் ஒன்றாகப் பாதையையோ கண்டால் "பாவம், இடம் பத்தல" என்று முடிவு கட்டிவிடுவார். நிஜமே அப்படித்தான் இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வரவே வராது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் இலங்கையின் தெமோதரை. எல்லவுக்கும் பதுளைக்கும் நடுவில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஒரு சிறிய நிலையம். எல்லப் பக்கமிருந்து வரும் ரயில் அங்கே நிற்கிறது, புறப்படுகிறது, மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு இறங்குகிறது, அப்புறம் சற்றுமுன் தான் நின்றிருந்த அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கப் பாதைக்குள் நுழைகிறது. மேலே நடைமேடை, கீழே சுரங்கம். மாதிரி ரயில்காரர்கள் உயரம் இறக்க இடமில்லாதபோது தண்டவாளத்தைத் திருகுசுருளாகச் சுற்றிப் பலகைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். அதே தந்திரத்தை ஒரு நாட்டின் ரயில்வே வெட்டவெளியில் செய்து வைத்திருக்கிறது.

காரணம் எளிது. அந்த மலைப்பாதையில் 44 அடிக்கு 1 அடிக்கு மேல் சரிவு கூடாது என்று வரம்பு வைத்திருந்தார்கள். நிலமோ அதைவிட வேகமாக இறங்குகிறது. நேரே போனால் சரிவு அதிகமாகும், ஆகவே பாதையின் நீளத்தைக் கூட்ட வேண்டும், கூட்டப்பட்ட நீளத்தை எங்கேயாவது சுருட்டி வைக்க வேண்டும். ஊரில் இதற்கு ஒரு கதையும் சொல்வார்கள். பொறியாளர் விமலசுரேந்திர ஒருநாள் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்ததாம். வாய்வழிக் கதைதான், ஆனால் நான் அதை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. பக்கம் பக்கமாகச் சரிவுக் கணக்கு போட்டு விளக்குவதைவிடத் தலைப்பாகை ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது: துணி நீளம், தலை சின்னது, சுற்றத்தான் வேண்டும்.

கலிபோர்னியாவில் டெஹாசப்பி என்ற இடத்திலும் 1876-லேயே இப்படி ஒரு சுற்று போட்டுவிட்டார்கள். சரக்கு ரயில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமாக இருந்தால் எஞ்சின் தன் வாலுக்கு மேலேயே ஏறிப் போகும். சுவிட்சர்லாந்தின் புருசியோவில் 1908-ல் கட்டியது இன்னும் துணிச்சல். ஒன்பது வில்வளைவுகள் தாங்கும் கல்பாலம், புல்வெளியின் நடுவில், மறைப்பு எதுவுமில்லாமல் வட்டமாகத் திரும்பித் தன்னுடைய ஒரு வில்வளைவுக்கு அடியிலேயே நுழைகிறது. ஆரம் வெறும் 70 மீட்டர். எச்.ஓ.வில் 80 செ.மீ. ஒரு பெரிய வட்டமேசையில் சுருக்காமல், பொய் சொல்லாமல் வைத்துவிடலாம். அப்படி வைத்தால்தான் பொம்மை ரயில் என்பார்கள்.

டார்ஜிலிங் பாதையில் தின்தாரியா பக்கம் 'வேதனை முனை' என்று பொருள்படும் பெயரில் ஒரு சுற்று இருக்கிறது. ஆரம் சுமார் 18 மீட்டர். 87-ஆல் வகுத்தால் 21 செ.மீ.கூட வராது, ஓர் அண்டாவின் வாயளவு வட்டம். கடையில் குழந்தைகளுக்கு விற்கும் வளைவைவிட இறுக்கம்! இரண்டடி அகலக் குறுகிய பாதை, குட்டி எஞ்சின் என்பதால் திரும்ப முடிகிறது. அதே பாதை கர்சியாங் கடைத்தெருவில் கடைகளின் வாசலை உரசிக்கொண்டு போகிறது. 1881-லிருந்து இப்படித்தான்.

வளைவும் சரிவும் மட்டும் இல்லை, ரயிலின் தோற்றமே சில இடங்களில் பொய்போல இருக்கும். பிரிட்டனில் அணுமின் நிலையங்களில் பயன்படுத்தி முடித்த எரிபொருளைக் கனமான எஃகுக் கலங்களில் வைத்து செல்லாஃபீல்டு அணு வளாகத்துக்கு ரயிலில் கொண்டுபோவார்கள். பல நேரங்களில் ஒரே ஒரு வேகன், அதற்கு இரண்டு பெரிய டீசல் எஞ்சின்கள். நடுவழியில் ஒன்று பழுதானால் மற்றொன்று இழுத்துக்கொண்டு போய்விடும், அந்தச் சரக்கோடு வயல்வெளியில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. மேசையில் இதை ஓட்டினால், எஞ்சின் வாங்கியே காசு தீர்ந்துபோன ஆள் என்று நினைப்பார்கள். ஸ்காட்லாந்தின் பியூலி நிலையத்தின் நடைமேடை சுமார் 15 மீட்டர் நீளம்தான். ரயில் வந்து நின்றால் ஒரு கதவைத்தான் திறப்பார்கள். பொம்மைக் கடை ஸ்டேஷன்கூட அதைவிடத் தாராளமாக இருக்கும்.

தாய்லாந்தின் மேக்லோங் சந்தையைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். தண்டவாளத்தின் மேலேயே காய்கறி, மீன், மிளகாய். ரயில் வரும் நேரம் கடைக்காரர்கள் துணிப்பந்தல்களை மடக்குவார்கள், சக்கரம் வைத்த பலகைகளைப் பின்னால் இழுப்பார்கள். தரையோடு தரையாக இருக்கும் கூடைகளை எடுக்கக்கூட மாட்டார்கள். ரயில் அவற்றுக்கு மேலே போய்விடும். கடைசிப் பெட்டி தாண்டியதும் பந்தல் மறுபடி விரியும். நியூசிலாந்தின் கிஸ்பர்னில் தண்டவாளம் விமான ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. சீனாவின் சொங்சிங் நகரில் லிசிபா நிலையம் 19 மாடிக் குடியிருப்புக் கட்டடத்தின் 6 முதல் 8 வரையான மாடிகளில் இருக்கிறது; மோனோரயில் ஒரு பக்கச் சுவரில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. கட்டி முடித்த வீட்டை யாரும் துளைக்கவில்லை. செங்குத்தான மலை நகரம், இடம் கிடையாது, ஆகவே இரண்டையும் சேர்த்தே திட்டமிட்டார்கள். ரப்பர் சக்கரம் என்பதால் சத்தமும் அதிர்வும் குறைவு. சரி, இவை எல்லாம் கண்ணுக்கு விருந்து, ஆனால் மாதிரி செய்கிறவருக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்றேதான். நான் சொல்ல வருவதற்குப் பாம்பன்தான் சரியான இடம்.

1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2 கி.மீ.க்குச் சற்று அதிகமான நீளம். பெட்டியில் உட்கார்ந்து சன்னல் வழியே பார்த்தால் கைப்பிடிச் சுவர் கிடையாது, கீழே நேரே கடல். நடுவில் கப்பலுக்கு வழிவிட, இரண்டு இலைகள்போல மேலே பிளக்கும் தூக்குப்பகுதி; அதை ஆட்கள் நின்று கையால் நெம்பித் திறந்தார்கள். காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த பக்கத்துப் புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்புகிறது.

இதை எச்.ஓ.வில் முழுசாகச் செய்தால் பாலம் மட்டும் 23 மீட்டருக்கு மேல் வரும். கல்யாண மண்டபம் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஆகவே என்ன செய்வார்கள்? தூக்குப்பகுதியையும் இரண்டு பக்கமும் நாலைந்து தூண்களையும் செய்து, நீலம் பூசிய பலகையில் நிறுத்திவிடுவார்கள். தூண் ஒவ்வொன்றும் அளவு சரி, ஆணிகூடச் சரி. பார்த்தால் கோயில் குளத்தின் மேல் யாரோ ஆசைக்குப் போட்ட பாலம்போல இருக்கும். ஏனென்றால் அந்தப் பாலத்தை அப்படி ஆக்கியது இரண்டு கிலோமீட்டர் கடலும் அந்தக் காற்றும். மேசைக்கு வரும்போது முதலில் வெட்டுப்படுவது அவைதான். விநோதம் மட்டும் வந்து சேர்கிறது, அதன் காரணம் ஊரிலேயே தங்கிவிடுகிறது.

நிஜத்தில் ஒரு விசித்திரக் காட்சியை நாம் நம்புவது அது தனியாக வராததால்தான். தெமோதரைக்குப் போகிறவர் பல மணி நேரம் மலைமேல் வளைந்து வளைந்து வந்திருப்பார், பாதை எதற்குச் சுற்றுகிறது என்று அவர் உடம்புக்கே தெரியும். மேக்லோங்கில் மீன் வாடை அடிக்கும், ஒலிபெருக்கி கத்தும். மேசையில் ஒன்றரை மீட்டர்ப் பலகைதான் உண்டு. பார்ப்பவருக்கு மூன்று நிமிடம்தான் பொறுமை.

மாதிரி ரயில் உலகத்தில் ஒரு பழைய வாசகம் புழங்குகிறது: எதைச் செய்தாலும் அதற்கு எங்கேயாவது ஓர் அசல் இருக்கும் என்று. யாராவது குறை சொன்னால் உடனே அதை எடுத்து வீசுவார்கள். "புருசியோவில் இருக்கே!" இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும் புகைப்படத்தைக் காட்டிக் காட்டி நிரூபிக்க வேண்டியிருந்தால் அந்தக் காட்சி தோற்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். புகைப்படமும் எப்போதும் கைகொடுக்காது. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் 1901 முதல் ஒரு தொங்கும் ரயில் ஓடுகிறது, ஆற்றுக்கு மேலே தண்டவாளம், அதன் அடியில் பெட்டி தொங்கும். 1950 ஜூலை 21 அன்று ஒரு சர்க்கஸ் விளம்பரத்துக்காக டுஃபி என்ற குட்டி யானையை அதில் ஏற்றினார்கள். மிரண்டுபோன யானை பெட்டியை உடைத்துக்கொண்டு கீழே ஆற்றில் குதித்தது, சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டது. யானை அந்தரத்தில் இருக்கும் பிரபலமான படம் ஒன்று அஞ்சலட்டைகளில் எல்லாம் உண்டு. அது ஒட்டுப்படம். பத்திரிகைக்காரர்கள் உள்ளேயே இருந்தும் விழும் நொடியை ஒருவரும் எடுக்கவில்லை. சம்பவம் உண்மை, சாட்சிப் படம் பொய்!

அப்படியானால் விநோதத்தைத் தொடவே கூடாதா? தொடலாம். ஒரு பலகைக்கு ஒன்று போதும். திமிங்கிலமும் சந்தையும் மாடிக்குள் ரயிலும் ஒரே மேசையில் இருந்தால் கொலுவுக்குத் திரும்பிவிட்டோம் என்று பொருள். அதைச் சுற்றி மற்ற எல்லாமே சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கட்டும்: கம்பி வேலி, தேநீர்க் கடை, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி, தூங்கும் நாய். நாலு சாதாரணத்தை நம்பியவர் ஐந்தாவதாக ஒரு விசித்திரத்தைக் கடனாகவாவது நம்புவார். முக்கியமாக, அந்த விசித்திரம் ஏன் வந்தது என்பதற்கான தடயம் ஒன்றாவது பலகையில் இருக்க வேண்டும். தெமோதரை செய்தால் பள்ளத்தாக்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும், பலகையின் விளிம்பையே ஆழமாக வெட்டிவிடுங்கள். பாம்பன் செய்தால் பாலத்தைப் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடவிடுங்கள், கரையைக் காட்டவே காட்டாதீர்கள். கரை தெரிந்தால் கடல் குளமாகிவிடும்.

இது எனக்குப் புத்தியில் ஏறியது ஒரு பையனால்தான். நீலகிரி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை ஒரு துண்டை எச்.ஓ. கணக்கில், அது மீட்டர் பாதை என்பதால் 12 மி.மீ. தண்டவாளத்தில் செய்துகொண்டிருந்தேன். நிஜத்தில் அங்கே 12 அடிக்கு 1 அடி என்ற அளவுக்கு ஏற்றம். மேலே ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு ஓடாமல் எஞ்சின் மேலேயே சாய்ந்து நிற்கும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நானும் அப்படியே வைத்திருந்தேன். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், நான் காபி குடிக்கப் போன நேரத்தில் எஞ்சினைத் தூக்கி முன்பக்கம் மாட்டிவிட்டான். "மாமா, தப்பா வெச்சிருந்தீங்க. சரி பண்ணிட்டேன்." கோபம் வந்தது, ஆனால் தப்பு அவன் மேல் இல்லை. சமதளப் பலகையில் எஞ்சின் பின்னால் இருந்தால் எவருக்குமே தப்பாகத்தான் தெரியும்.

அடுத்த சில வாரங்களில் பலகையின் ஒரு முனையை நன்றாக உயர்த்தினேன். கேபிள் டையின் பல்லுள்ள பக்கத்தை வெட்டித் தண்டவாளத்தின் நடுவே ஒட்டிப் பல்சட்டம் ஆக்கினேன், நிஜத்தில் அந்தச் சட்டத்தைப் பற்றித்தான் எஞ்சின் ஏறுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் கொடியோடு ஒரு பிரேக்ஸ்மேன் பொம்மை. அவர்களும் நிஜம்தான், அந்த மலையில் பெட்டிக்கு ஒருவர் நின்று பிரேக் பிடிக்கிறார்கள். தீபாவளிக்கு வந்தவன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் பக்கம் கை போகவில்லை.

"ஏன் மாமா, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருத்தர் கொடி பிடிச்சிட்டு நிக்கிறார்?" என்றான்.